சைமி தூங்கினால் பூட்டு நிற்காது

சைமி லைனே தூங்கிவிட்டால் அவள் இருக்கும் கட்டிடத்தில் ஒரு பூட்டும் பூட்டியபடி நிற்காது. வாசல் கதவு, தபால் பெட்டி, சைக்கிள் சங்கிலி, குளியலறைத் தாழ்ப்பாள் எல்லாம் லேசாக ஒரு சத்தம் போட்டுத் திறந்துகொள்ளும். அவள் விழித்த பிறகு மறுபடி பூட்டிக்கொள்ளலாம், பூட்டில் ஒரு கோளாறும் இருக்காது. கல்லியோசாரி துறைமுக ஊரில் மழை, குளிர், மீன் வரத்து மாதிரி இதையும் இப்போது சாதாரணமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் அப்படி இல்லை.

அது தொடங்கியபோது அவளுக்குப் பதினாறு வயது. அம்மாவின் புதுப் புருஷன், அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து வாசல் பூட்டை மாற்றிவிட்டான். அவளுக்கென்று சாவி எதுவும் செய்யவில்லை. தட்டினாள், கூப்பிட்டாள். உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் கூடியதே தவிரக் கதவு திறக்கவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்ற ஒரு குழந்தை வண்டியில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். விழித்துப் பார்த்தால் அந்தக் கட்டிடத்தின் எல்லாக் கதவுகளும் ஒருக்களித்துக் கிடந்தன, அவள் வீட்டுக் கதவு உட்பட. உள்ளே போய் ரெண்டு துண்டு கறுப்பு ரொட்டி தின்றாள், குளிர்க் கோட்டை எடுத்துக்கொண்டாள், கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

சிநேகிதிகளின் சோபாக்கள் ஒரு வாரம், பத்து நாள் என்று தாங்கின. ஒரு வீட்டில் சைக்கிள் கொட்டகை திறந்து ரெண்டு சைக்கிள் காணாமல் போனது, பழி அவள் மேல் விழுந்தது. நூலகத்தில் மத்தியானம் கண்ணயர்ந்தாள். கழிப்பறைகள் ஆட்கள் உள்ளே இருக்கும்போதே திறந்துகொண்டன. கடைவீதி மண்டபத்தில் தூங்க ஒதுங்கியவளைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் வைத்தார்கள். அங்கேயும் அசதியில் தூங்கிவிட்டாள். குடித்துவிட்டு அடைபட்டிருந்த மூன்று பேரில் ரெண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள், மூன்றாமவன் உள்ளே கதகதப்பாக இருக்கிறது என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். காவலர்கள் இவளைத் திட்டக்கூட இல்லை, வேறு எங்கேயாவது போ என்றார்கள். அந்த வருஷங்களில் அவள் நின்றபடியே கண்ணைத் திறந்துவைத்து ஓய்வெடுக்கப் பழகிக்கொண்டாள். மீன் பதப்படுத்தும் கொட்டகையில் வேலை கிடைத்ததும் அதனால்தான். விடியற்காலை வேலைக்கு அவளைப்போல் தூக்கக் கலக்கமில்லாத ஆள் கிடையாது.

அவளுக்குப் பத்தொன்பது ஆன வருஷம், வீடில்லாத இளவட்டங்களுக்கு வீடு பிடித்துத் தர அரசாங்கம் ஊர்களுக்குப் பணம் ஒதுக்கியது. நகர மன்றத்தில் சண்டை நடந்தது. முதலில் திருந்தட்டும், வேலையில் நிலைக்கட்டும், பிறகு வீடு தரலாம் என்றது ஒரு கட்சி. வீடு இல்லாதவன் எங்கே உட்கார்ந்து திருந்துவான் என்றது இன்னொரு கட்சி. ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. தனி விடுதி கட்டாமல் ஊருக்குள் இருக்கிற சாதாரண அடுக்குமாடிகளில் ஆங்காங்கே சின்ன வீடுகளை வாடகைக்குப் பிடித்தார்கள். பார்த்துக்கொள்ள இன்கெரி என்ற அம்பது வயதுக்காரியை வேலைக்கு வைத்தார்கள். கப்பல் சமையற்கட்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், குரல் மாடிக்கு மாடி கேட்கும்.

இன்கெரி சாவியை நீட்டியபோது சைமி கையை நீட்டவில்லை.

"எனக்கு வீடு வேணாம்க்கா. நான் தூங்குனா பூட்டெல்லாம் திறந்துரும்."

"சரி. குறட்டை விடுவியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? போன வாரம் ஒருத்தனுக்குக் குடுத்தேன், அவன் பாம்பு வளக்குறான். சாவியப் பிடி."

ரெண்டாம் மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்பு, துறைமுகம் தெரிகிற ஜன்னல். சைமி மூன்று வாரம் ராத்திரிதோறும் அங்கே தூங்கினாள். கட்டிடத்துக்காரர்கள் மூன்று வாரமும் திறந்த கதவுகளோடு விழித்தார்கள். நகரசபை செலவில் பூட்டுகளை மாற்றினார்கள். அவையும் திறந்தன. மின்னணுப் பூட்டு வைத்தார்கள். அது ஒரு தடவை கூவிவிட்டுத் திறந்தது. களவு என்று பார்த்தால் ஒரு பொட்டலம் காப்பித்தூள்தான் போயிருந்தது, ஆனாலும் பயம் பயம்தானே. சலவை அறையில் குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள். தலைவர் ரூனே எக்லுண்ட், கப்பல்களுக்கு வழிகாட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தன் கதவில் மட்டும் நாலு பூட்டு வைத்திருந்தவர். பூட்டு வியாபாரியைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது சைமி கடைசி வரிசையில் எழுந்து, நான் தூங்குவதால்தான் என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"எவ்வளவு காலமா?" என்றார் ரூனே.

"பதினாறு வயசுலேருந்து."

"டாக்டர்கிட்டக் காட்டுனியா?"

"காட்டுனேன். அங்க மருந்து அலமாரி திறந்துருச்சு."

அவளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி நகரசபைக்கு எழுதுவதென்று முடிவானது. மூன்றாம் மாடி ஸோல்வெய் மட்டும் கை தூக்கவில்லை. அவள் மடியில் மகன் வில்ஹோ தூங்கிக்கொண்டிருந்தான். இன்கெரி வந்து கத்தினாள்: "எங்க மாத்துறது? பூட்டு இல்லாத கட்டிடம் இந்த ஊருல எங்க இருக்கு, நீங்களே காட்டுங்க!" யாருக்கும் தெரியவில்லை.

சைமிக்குத் தெரிந்திருந்தது. துறைமுகத்தின் ஓரத்தில் பழைய கயிற்றுக் கொட்டகை ஒன்று இருந்தது, அதற்குக் கதவே கிடையாது. அன்று முதல் அவள் வீட்டில் சமைத்தாள், குளித்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்து காப்பி குடித்தாள், தூங்குவதற்கு மட்டும் கொட்டகைக்குப் போனாள். கட்டிடத்தில் பூட்டுகள் நின்றன. எல்லாரும் நிம்மதியானார்கள், புகாரையும் கிடப்பில் போட்டார்கள். பனி இறுகி வந்தது. சைமிக்கு இருமல் வந்தது. ஒருநாள் இன்கெரி பார்க்க வந்தவள் கட்டிலைப் பார்த்தாள். புது மெத்தையின் மேல் ஒரு சுருக்கம் இல்லை, கால்மாட்டில் தூசி படிந்திருந்தது.

"எங்க தூங்குற?"

சைமி இருமினாள்.

"ஊரு வரிப்பணத்துல வாடகை குடுக்குறது நீ இங்க உக்காந்து காப்பி குடிக்கிறதுக்கில்ல, தாயி. தூங்குறதுக்கு. குடியிருக்காத வீட்ட அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க, வரிசையில புள்ளைங்க நிக்குதுங்க. வசந்தம் வரைக்கும் பொறுப்பேன், அதுக்கு மேல என் கையில இல்ல."

"தூங்குனா இவங்க விரட்டுவாங்க. தூங்கலேன்னா நீங்க விரட்டுவீங்க," என்றாள் சைமி. இன்கெரி அடுப்பில் கிடந்த சால்மன் சூப்பைக் கிண்டிவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் ஒரு பனிப்புயல். வண்டிகள் நின்ற இடத்திலேயே புதைந்தன. பகல் ரெண்டு மணிவாக்கில் வில்ஹோ குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாழ்ப்பாளைப் போடத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. ஸோல்வெய் இழுத்த இழுப்பில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. ரூனே ஓடிப்போய்க் கட்டிடத்துக்குத் தண்ணீர் வரும் முக்கியக் குழாயை அடைத்தார், ஆனால் குளியல் தொட்டி அதற்குள் ஆவி பறக்க நிறைந்துவிட்டது. உடைக்கலாமென்றால் பிள்ளை கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தீயணைப்புக்காரர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் பனியில் மாட்டியிருந்தார்கள்.

"அம்மா, நான் கப்பல் விடப் போறேன்," என்றான் உள்ளேயிருந்து.

"விடாதடா கண்ணு! அம்மாகிட்டப் பேசு! கதவுகிட்டயே உக்காரு!"

"கப்பல் பெருசு. நானும் ஏறப் போறேன்."

ஸோல்வெய் ஒரு மாடி இறங்கி ஓடி சைமியின் கதவை அறைந்தாள். வேலை முடிந்து வந்து கையிலிருந்த மீன் வாடையைக் கழுவிக்கொண்டிருந்த சைமியை ஈரக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். "தூங்கு. சைமி, உன் கால்ல விழுறேன், தூங்கும்மா!"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டில் அவளைத் தூங்கச் சொல்லிக் கெஞ்சினார்கள், அவளுக்கோ தூக்கம் வரவில்லை. ஸோல்வெய் வீட்டு நடையில் குழந்தையின் குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே தரையில் படுத்தாள். மொத்தக் கட்டிடமும் மாடிப்படியில் நின்று பார்த்தது. ரூனே தன் படுக்கையிலிருந்து தலையணையைக் கொண்டுவந்து அவள் தலைக்குக் கீழே வைத்தார், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"எல்லாரும் முறைச்சுப் பாத்தா எப்படித் தூங்குவா? திரும்புங்கய்யா அந்தப் பக்கம்!" என்று குரலைத் தாழ்த்தி அதட்டினார். எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். பிறகு அவர் சைமியிடம் குனிந்து, "ஏம்மா, இங்கேருந்து உன்ன யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் பாத்துக்குறேன்," என்றார்.

உள்ளே ஏதோ பலகையில் கால் வைத்து ஏறும் சத்தம் கேட்டது. ஸோல்வெய் வாயைப் பொத்திக்கொண்டாள். சைமியின் இருமல் அடங்கியது, மூச்சு ஒருமுறை இழுத்து, நீண்டது. கட்டிடம் முழுக்க, கீழிருந்து மேலாக, பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, மின்னணுப் பூட்டு கூவியது, கடைசியில் குளியலறைத் தாழ்ப்பாள் விலகியது. தொட்டி விளிம்பில் ஒரு காலைத் தூக்கிப் போட்டிருந்த வில்ஹோவை ஸோல்வெய் இடுப்போடு அள்ளினாள். அவன் கப்பல் போச்சு என்று ஓவென்று அழுதான். அந்த அழுகைக்கும் சைமி எழுந்திருக்கவில்லை.

அன்று தூங்கியவள் மறுநாளும் தூங்கினாள். ரூனேயும் இன்னும் ரெண்டு பேரும் அவளைப் போர்வையோடு தூக்கி ரெண்டாம் மாடிக் கட்டிலில் போட்டார்கள். மீன் கொட்டகைக்கு அவர் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். குளிருக்கு எல்லாரும் திறந்த கதவுகளுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தார்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். மூன்றாம் நாள் சைமி எழுந்து வெளியே வந்தபோது வாசலில் யாரோ வைத்த ஏலக்காய் ரொட்டி இறுகிப் போயிருந்தது. அதைக் காப்பியில் தோய்த்துத் தின்றாள்.

புகாரை யாரும் திரும்ப எடுக்கவில்லை. அடுத்த வருஷம் நகர மன்றத்தில் இளவட்டங்களின் வீட்டுக்கான பணம் மறுபடி வாக்குக்கு வந்தது. ரூனே பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார். பேச அனுமதி இல்லாதவர் பேசினார், வெளியேற்றப்பட்டார். தீர்மானம் இந்தத் தடவை நாலு வோட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. இன்கெரி இன்னும் ஏழு பேருக்குச் சாவி கொடுத்தாள். சைமியின் இருமல் கோடையில்தான் முழுசாக விட்டது.

இப்போது அந்தக் கட்டிடத்துக்குக் குடிவருகிறவர்களுக்குக் குப்பை பிரிக்கும் முறையைச் சொன்ன கையோடு ரூனே இதையும் சொல்லிவிடுகிறார்: ரெண்டாம் மாடிப் பெண் விடியற்காலை வேலைக்குப் போகிறவள், ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுவாள், அதற்கப்புறம் பூட்டு நிற்காது, குளியலறையில் இருப்பவர்கள் பாடிக்கொண்டிருப்பது நல்லது. போன மாசம் வந்த இளம் தம்பதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். புருஷன்காரன் தலையாட்டிவிட்டு, கட்டிடத்தின் பொது நீராவிக் குளியல் அறையான சவுனாவில் வெள்ளிக்கிழமை சாயங்கால முறை யாருக்காவது இருக்கிறதா, தங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டான்.