ரேகை தேய்ந்தவள்

பன்னிரண்டாம் மாடி வீட்டுக் கதவுக்குச் சாவி கிடையாது. உள்ளே வரவும் வெளியே போகவும் கட்டைவிரலை வைக்க வேண்டும். ஐயாவின் விரல், வீட்டம்மாவின் விரல், எப்போதாவது எட்டிப் பார்க்கும் கொழுந்தனின் விரல் எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆயாவின் விரல் மட்டும் ஆகவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை எங்கே மிஞ்சும்?

"பரவாயில்ல ஆயா, நீங்க எங்க போகப்போறீங்க?" என்று வீட்டம்மா சிரித்தாள். ஆயாவும் சிரித்து வைத்தாள். சம்பளம் கொடுப்பவர்கள் சிரித்தால் கூடச் சிரிப்பதும் வேலையில் சேர்த்திதானே.

அதிலிருந்து அவர்கள் ஆபீசுக்குப் போனால் ஆயாவும் கைக்குழந்தையும் உள்ளே. சாயங்காலம்தான் கதவு திறக்கும். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் பிழைப்பில் மண் விழும்.

அன்று மதியம், எதிர்ச் சந்திலிருந்து ஆயா மகளின் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். மகளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது, அவளோ ஏற மாட்டேன் என்கிறாள். போன பிரசவத்துக்குத் தனியாகப் போய் வெறுங்கையோடு திரும்பியவள். மாப்பிள்ளை வெளியூரில். அம்மா வந்தால்தான் ஏறுவாளாம்.

ஆயா வீட்டம்மாவைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னாள்.

"நான் வந்து விரல் வைக்காம அது திறக்காது ஆயா. இங்கருந்து நான் என்ன பண்ண முடியும்?"

ஆயா நம்பினாள். கட்டைவிரலைப் புடவையில் துடைத்து வைத்தாள். ஈரத்தோடு வைத்தாள். குழந்தையின் பவுடரைத் தடவி வைத்தாள். சிவப்புதான். பால்கனியிலிருந்து பார்த்தால் தகரக் கூரைகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி போன். ரத்தம் போகிறதாம்.

ஆயா தன் வேலைக் காலத்தில் சொல்லாத பொய்யை அப்போதுதான் சொன்னாள். குழந்தை தொட்டிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, பாப்பா எதையோ முழுங்கிருச்சு. மூச்சு விட முடியல."

சொல்லி வாய் மூடவில்லை, கதவு டக்கென்று திறந்துகொண்டது. எந்த விரலும் அதைத் தொடவில்லை. போனிலேயே திறந்துவிட்டதாகவும் தூக்கிக்கொண்டு ஓடும்படியும் வீட்டம்மா கதறினாள்.

ஆயா திறந்த கதவைப் பார்த்தாள். அப்படியானால் மகளுக்காகக் கேட்டபோதும் திறந்திருக்கலாம். ஆனாலும் பச்சைப்பிள்ளையைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

கேட்டில் வாட்ச்மேன் காதில் போனோடு நின்றான், எதிர்முனையில் வீட்டம்மா. அவனும் அதே சந்துக்காரன்தான். குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்தான். நன்றாகத்தான் இருக்கிறது, தூங்குகிறது என்று போனில் சொன்னான். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றான். கடைசியில் போய்க் கேட்டைப் பூட்டினான்.

"பொய் சொல்லிப் புள்ளையத் தூக்கிட்டுப் போறீங்கன்னு போலீஸ் வருதாம். அதுவரைக்கும் உங்கள விடக்கூடாதாம். என் வேலைக்கு உலை வெச்சிராதீங்கக்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆயாவின் போன் அடித்தது. இந்த முறை மகளே பேசினாள், எங்கே இருக்கிறாய் என்று.

"வந்துட்டேன்டி கண்ணு, கேட்டு கிட்ட வந்துட்டேன். நீ மொதல்ல வண்டில ஏறு."

"கேட்டு கிட்டதானே?" என்றாள் மகள். குரலில் தெம்பு வந்திருந்தது. "சரிம்மா. நீ வர்ற வரைக்கும் ஏறாம இருக்கேன்."