ஒன்று என்றால் நிறுத்து

டார்ச் லைட் அளவே இருந்த அந்தக் கருவியைக் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அப்பா வாயைத் திறந்தார். "பாப்பா" என்று ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு பேசினால் அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் அது அப்பா என்னைக் கூப்பிட்டதுதான். தொண்டையில் வந்த கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் மருத்துவர்கள் எடுத்துவிட்ட பிறகு அவர் என்னைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

மருந்துச் சாமான் கடையின் நடுவில் நின்று நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். கடைக்காரம்மா நாசூக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அப்பாவின் கார்டை நீட்டினேன். தேய்த்தார். மெஷின் கீச்சென்றது. துணியால் துடைத்து இன்னொரு தடவை தேய்த்தார். மறுபடியும் கீச்.

"கணக்குல பணம் பத்தலைன்னு வருதும்மா."

"நேத்து வரைக்கும் இருந்துச்சே!"

"நேத்து இருந்திருக்கலாம்."

அப்பா கருவியைச் சட்டை நுனியால் துடைத்து, டப்பாவில் பஞ்சுக்கு நடுவே அது எப்படி இருந்ததோ அப்படியே வைத்து, மூடியைப் போட்டு அழுத்தினார். அந்த மூடி அழுந்திய சத்தம் இருக்கிறதே, அதற்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடைக்காரம்மா மேல் கோபப்பட ஒன்றுமில்லை. பழைய கருவியைச் சரிசெய்து குறைந்த விலைக்குத் தருகிறவர். சனிக்கிழமை வரைக்கும் எடுத்து வைப்பதாகவும், அதற்கு மேல் இன்னொருத்தர் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் நேராகவே சொல்லிவிட்டார்.

வெளியே வந்து போனைப் பார்த்தேன். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்து கிடந்தது. வீட்டுக் காப்பீடு தானாகப் புதுப்பிக்கப்பட்டது, ஓராண்டுத் தொகை எடுக்கப்பட்டது, தங்கள் இல்லத்தின் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி.

எங்களுக்கு இல்லமே இல்லை. அப்பாவின் ஆபரேஷனுக்காக வீட்டை முடிவெட்டும் கடைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். வாங்கியவர் சுவருக்குக் கிளிப்பச்சை அடித்து, வாசலில் நாய் கட்டியிருக்கிறார். அவர் வீட்டுக் கூரை இடிந்தால் எங்களுக்குப் பணம் வருமாம். அதற்காக எங்கள் அப்பாவின் குரலை எடுத்துக்கொண்டார்கள்.

நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை அச்சு காய்ந்துகொண்டிருக்க, கையெல்லாம் அச்சு வார்க்கும் மாவாக நின்று காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். முதலில் ஒரு மெஷின் குழைந்தது. அப்புறம் பாட்டு. பாட்டு முடிந்து மறுபடி மெஷின். கடைசியில் ஒரு இளைஞன் வந்தான். தேனில் ஊறப்போட்ட குரல்.

"பாலிசி யார் பேர்ல இருக்கு மேடம்?"

"எங்கப்பா பேர்ல. வீட்டை வித்தாச்சு. ரத்து பண்ணிட்டுப் பணத்தைத் திருப்பிப் போடுங்க."

"கண்டிப்பா மேடம். அப்பாகிட்ட போனைக் குடுங்க. ரத்து பண்ணச் சொல்லி அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லணும். குரல் பதிவாகணும். விதி."

"அவரால பேச முடியாது. குரல்வளையையே எடுத்துட்டாங்க."

"ஐயோ, வருத்தமா இருக்கு மேடம். சரி, அவருக்கு எப்ப சரியாகுதோ அப்பக் கூப்பிடச் சொல்லுங்க."

"தம்பி, அது சரியாகாது. முடி வெட்டினா வளருற மாதிரி வளராது."

"புரியுது மேடம். அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

என்ன புரிந்தது அவனுக்கு? சுவரில் முட்டிக்கொள்ளலாம், சுவருக்காவது வலிக்கும்.

"அவர் வாயால சொன்னாத்தான் ரத்துன்னா, புதுப்பிக்க மட்டும் யார் வாயால சொன்னாங்க?" என்று மடக்கினேன். மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "போன மாசம் அவருக்குத் தானியங்கி அழைப்பு போயிருக்கு மேடம். தொடர ஒன்றை அழுத்தவும், நிறுத்த இரண்டை அழுத்தவும்னு கேட்டிருக்கு. அப்பா ஒன்றை அழுத்தியிருக்கார். எதையுமே அழுத்தலைன்னாலும் தானாப் புதுப்பிச்சிருப்போம். ஆனா அவர் அழுத்தியிருக்கார்."

போனை வைத்தேன். மேசையில் இருந்த தாடை அச்சு விரிசல் விட்டிருந்தது. மாவைச் சரியாகக் கலக்காமல் விட்டது நான்தான், அதற்கும் காப்பீட்டு நிறுவனத்தைத்தான் திட்டினேன்.

சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டேன். "அப்பா, இன்சூரன்ஸ்காரன் போன் பண்ணப்ப நீங்க எதை அழுத்தினீங்க?"

சன்னலோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். யோசித்தார். முகம் தெளிந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது. வெங்காயக் கையோடு மேசையில் ஒரு தடவை தட்டினார். டக்.

இதை விளக்கியாக வேண்டும். அப்பா பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டெப்போவிலும் தெருவிலும் அவர் பெயர் ரைட்டு. என்னைப் பள்ளிக்கூடத்தில் ரைட்டு பொண்ணு என்பார்கள். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும். ஆயுசெல்லாம் அதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு கழுத்து ஓட்டை வழியாகத்தான் போய் வருகிறது, விசில்கூட ஊத முடியாது. அதனால் வீட்டில் எல்லாமே தட்டுதான். காபி வேணுமா? இரண்டு தட்டு, வேணும். காத்தாடி வேகத்தைக் கூட்டவா? ஒரு தட்டு, வேண்டாம், நிறுத்து.

அந்த மெஷின் நிறுத்த இரண்டு என்று சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். ஆனால் கைக்குத் தெரிந்தது வேறு. நிறுத்துவதற்காகத்தான் ஒன்றை அழுத்தியிருக்கிறார். வீட்டை விற்றது நினைவிருந்து, காசு வீணாகக் கூடாது என்று நினைத்து, அக்கறையோடு அழுத்தியிருக்கிறார்.

எல்லாம் எனக்கு அந்த நொடியே புரிந்தது. புரிந்த பிறகும் கத்தினேன். "பேசத்தான் வரல, காது கேக்குமில்ல? ஒண்ணுன்னா தொடருன்னு அவன் சொன்னது காதுல விழலையா? ஒரு பட்டனைக்கூடச் சரியா அழுத்தத் தெரியாதா? எல்லாத்துக்கும் நானே ஓடணுமா?"

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். ஒன்றும் தட்டவில்லை. மீதி வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. ஒரு தட்டாவது தட்டியிருக்கலாம். மனுஷனை வாயடைக்க வைப்பது என்பார்கள், வாயே இல்லாதவரை நான் அடைத்துவிட்டேன். என் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் மருந்துச் சாமான் கடைக்குப் போய், கருவியை ஒரு மணி நேரம் கடனாகக் கேட்டேன்.

"வாய் வார்த்தையா எப்படிம்மா தர்றது?" என்றார் கடைக்காரம்மா.

ஸ்கூட்டர் சாவியை அவர் மேசையில் வைத்தேன். அவர் சாவியைப் பார்த்தார், வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார், டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

காப்பீட்டு அலுவலகம் அதே தெருவில்தான், இரண்டாவது மாடியில். உள்ளே ஏசி குளிர். சுவரில் ஒரு குடும்பம் ஒரு வீட்டின் முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அத்தனையும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. அப்படிப் பல் செட் செய்து கொடுத்தால் எங்கள் கூடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, வீடு விற்ற பத்திரத்தின் நகலைப் புரட்டினார். "வித்தது உண்மைதான். ஆனா ரத்து பண்ற பட்டன் என்கிட்ட இல்லம்மா. எல்லாம் குரல் பதிவுதான். அப்பா ரெடியா?"

அப்பா அவருக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். கேள்வி எனக்கு வந்தது. "ரெடி" என்று நானும் சொன்னேன்.

மேசை போனில் எண்களைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டார். மெஷின் பேசியது. "உங்கள் காப்பீட்டை ரத்து செய்ய விரும்பினால், ரத்து என்று தெளிவாகச் சொல்லவும்."

அப்பா கருவியைக் கழுத்தில் வைத்தார். இடம் தேடினார். "ரத்து."

"மன்னிக்கவும். இயந்திரக் குரல் ஏற்கப்படாது. தயவுசெய்து உங்கள் சொந்தக் குரலில் சொல்லவும்."

நான் அதிகாரியைப் பார்த்தேன். அதிகாரி போனைப் பார்த்தார்.

"ரத்து" என்றார் அப்பா மறுபடியும், இன்னும் நிதானமாக.

"மன்னிக்கவும். இயந்திரக் குரல்..."

"நீ யாருடி சொல்றதுக்கு?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைகள் எல்லாம் திரும்பின. "நீயே ஒரு மெஷினு! அவரு பொறந்து வளந்து, ரத்தமும் சதையுமா உக்காந்திருக்காரு, அவர் குரல் வேண்டாமாம் இதுக்கு! பணத்தை எடுக்கும்போது எந்தக் குரலைக் கேட்டீங்க? கழுத்தறுக்கிறதுக்கு மட்டும் யாரும் வாயத் திறக்க வேண்டியதில்ல, அப்படித்தானே?"

"அம்மா, கொஞ்சம் மெதுவா. சிஸ்டம்தான் அப்படி, நான் என்ன பண்றது..."

டக்.

மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. அப்பாவின் கை. ஒரே தட்டு.

அதிகாரியைத் தட்டினார் என்றுதான் நினைத்தேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்து என்றது எனக்கு.

நிறுத்தினேன்.

அப்பா போனை எடுத்து வைத்து மெஷினின் வாயை மூடினார். கழுத்தில் கட்டியிருந்த துணியைக் கீழே இறக்கினார். அந்த ஓட்டையை வெளியாள் யாருக்கும் அவர் காட்டியதில்லை, எனக்கே தயங்கித்தான் காட்டுவார். கருவியை அதன் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

"சார். வீட்ட வித்தது இதுக்கு. இந்தக் காசு, இந்த மெஷினுக்கு. ரெண்டையும் நீங்க வெச்சுக்கிட்டா, நான் எதால கேக்கறது?"

ஒவ்வொரு வார்த்தையும் ஒரே உயரத்தில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. ஆனால் நெற்றி நரம்பு புடைத்திருந்தது, கன்னம் துடித்தது. பஸ்ஸில் சில்லறை தராமல் ஏமாற்றியதாக ஒருவன் பொய் சொன்னபோது பார்த்த அதே முகம். அப்பாவுக்கும் கோபம் வரும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். இத்தனை மாதமாக அவருடைய கோபத்தையெல்லாம் நானே எடுத்துச் செலவு செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். அப்பாவின் கழுத்தைப் பார்த்தார், பார்வையை விலக்கிக்கொண்டார். பிறகு உள்ளே போய் யாருடனோ வெகுநேரம் பேசிவிட்டு, கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு தாளோடு வந்தார். பட்டன் இல்லை என்றவரிடம் முத்திரை இருந்திருக்கிறது. ரத்து செய்தாயிற்று, ஆனால் பணம் வந்து சேர அடுத்த வாரமாகும் என்றார்.

"இது போதுமான்னு அப்பாவைக் கேளுங்கம்மா."

"அவர் உங்க எதிர்லதானே சார் உக்காந்திருக்கார்? அவரையே கேளுங்க."

கேட்டார். அப்பா கொஞ்சம் காத்திருக்கவைத்து, இரண்டு தட்டு தட்டினார்.

அடுத்த வாரம் என்பது எங்களுக்கு உதவாது, கருவி நாளை வரைக்கும்தான். கடைக்குத் திரும்பினோம். அப்பா டப்பாவைத் திறந்து பஞ்சைச் சரிசெய்தார். நான் அவர் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கி மூடினேன்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன் கடைக்காரம்மாவிடம். "வண்டியும். பணத்தோட வந்து எடுத்துக்கறேன்."

"ஏம்மா, நீ வேலைக்கு எதுல போவே?"

"பஸ்ல. ரைட்டு பொண்ணு பஸ்ல போகாம?"

நிறுத்தத்தில் கூட்டமில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் காலைச் சுட்டது. என் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த மெஷின் குரல் காதிலேயே இருந்தது. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு வார்த்தை வரவில்லை. வாய் இருந்து என்ன பிரயோஜனம்.

பக்கத்தில் வண்டு இரைந்தது.

"பாப்பா. முந்தாநேத்து பேசினியே. இன்னொரு தடவை அப்படிப் பேசினே, பல்லத் தட்டிக் கையில குடுத்துருவேன்."

பல் செட் செய்கிறவளிடம் இதைச் சொல்ல இத்தனை நாள் காத்திருந்திருக்கிறார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பெஞ்சில் இரண்டு முறை தட்டினேன்.