பதினொரு ரயில், இருபத்திரண்டு டிக்கெட்

பாஸ் வைத்திருக்கும் ஆளை நான் நம்ப மாட்டேன். டிக்கெட் வாங்கியவன் எங்கே ஏறினான், எங்கே இறங்குவான் என்பதை அந்தச் சீட்டே சொல்லிவிடும். பாஸ்காரன் அப்படியில்லை. கேட்டால் பையிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். முப்பத்தோரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன் நான், பொன்னுரங்கம். அண்ணன் பாஸில் தம்பி வந்து மாட்டியிருக்கிறான். மனைவி பெயர் போட்ட பாஸில் மனைவியல்லாத ஒருத்தி உட்கார்ந்துகொண்டு எனக்கு வணக்கம் வேறு சொல்லியிருக்கிறாள்.

அதனால்தான் சிதம்பரத்திலிருந்து என் மச்சான் சேரன் போன் செய்து, "மாமா, சுவிட்சர்லாந்துல நீங்க ரயில் பாஸ் எடுத்துக்கறதுதான் நல்லது" என்று சொன்னதும், இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

சேரன் என் மனைவி எழிலரசியின் தம்பி. கீழ வீதியில் ஒரு மாடியில் டிராவல்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறான். திருப்பதிக்கும் சபரிமலைக்கும் வேன் விட்டுக்கொண்டிருந்தவன், இரண்டு வருஷமாக வெளிநாட்டுக்கும் ஆள் அனுப்புகிறான். ரிட்டயர் ஆனதும் ஒரு வெளிநாடு கூட்டிப்போகிறேன் என்று எழிலரசிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ரிட்டயராகி மூன்று வருஷம் ஓடிவிட்டது. "இந்த மே மாசம் போவலன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்று அவளே ஒரு நாள் சொல்லிவிட்டாள். பன்னிரண்டு நாள் பயணம். விமானம், விசா, ஓட்டல் எல்லாம் சேரன் முடித்துவிட்டான். மீதி இருந்தது ரயில் மட்டும். அது என் இலாகா.

"எட்டு நாள் பாஸ் மாமா. ரயிலு, பஸ்ஸு, ஏரில போற கப்பலு எல்லாம் அதுலயே அடங்கிடும். நெனச்ச எடத்துல ஏறலாம், நெனச்ச எடத்துல எறங்கலாம்."

"நெனச்ச எடத்துல எறங்கறதுக்கு நான் இன்னா ஊரு சுத்தற பையனா? எங்க போறோம்னு முடிவு பண்ணிட்டுதான் வீட்ட வுட்டே கெளம்புவேன்."

"தனித்தனி டிக்கெட்டுன்னா அந்த நாளு, அந்த வண்டி. வுட்டா போச்சு."

"நான் எந்த வண்டிய மச்சான் வுட்டிருக்கேன்?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நோட்டை எடுத்து பன்னிரண்டு நாளையும் பிரித்து எழுதினேன். மொத்தம் பதினொரு ரயில். முன்கூட்டியே வாங்கினால் தள்ளுபடி. கூட்டிப் பார்த்தால் பாஸ் விலையில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே வந்தது. அப்புறம் எதற்கு இவன் பாஸ், பாஸ் என்று அடித்துக்கொள்கிறான்? கமிஷன்தான். அக்கா புருஷன் தலையிலேயே மிளகாய் அரைக்கப் பார்க்கிறான்.

நோட்டை எழிலரசியிடம் காட்டினேன். அவள் சமையலறையில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவன் சொல்ற மாதிரி பாஸே எடுங்களேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

சும்மா என்பதை ஒரு காரணமாக நான் ஏற்றுக்கொண்டதே கிடையாது. சும்மா வந்தேன் சார் என்று சொன்ன ஒருத்தரிடமும் டிக்கெட் இருந்ததில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே கண்காணிக்க ஆரம்பித்தேன். செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறாள். நான் படியேறும் சத்தம் கேட்டால், "சரிடா, வெச்சிடறேன்" என்கிறாள். யாரிடம் பேசினாய் என்றால் சேரனிடம் என்கிறாள். என்ன பேசினாய் என்றால் மறுபடியும் சும்மா. ஒரு நாள் பயணக் காகிதங்கள் இருந்த பைலைத் திறந்தேன். என் பாஸ்போர்ட் நகல் இருந்தது. அவளுடைய நகலை மட்டும் காணோம்.

அக்காவும் தம்பியும் சேர்ந்துகொண்டு எனக்குத் தெரியாமல் பாஸ் வாங்கப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவர்களை முந்திக்கொள்ள வேண்டும். செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனையில் தேவசகாயம் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்து, பதினொரு ரயிலுக்கும் இரண்டிரண்டு டிக்கெட், பக்கத்துப் பக்கத்து சீட்டாகப் பார்த்துப் போடச் சொன்னேன்.

"சார், ஒரு வாட்டி ஓகே குடுத்துட்டா பணம் திரும்ப வராதுன்னு போட்டிருக்கு" என்றான் தேவசகாயம்.

"நான் எதையும் திருப்பிக் கேக்கற ஆளில்ல. அமுக்குப்பா."

இருபத்திரண்டு தாள். பிளாஸ்டிக் கவரில் போட்டு என் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை எழிலரசி புடவை மாற்றிக்கொண்டு வந்து, "நெல்லிக்குப்பம் போயிட்டு வரேன். முத்தம்மா சித்திக்கு ஒடம்பு சரியில்லயாம்" என்றாள்.

"யாரு கூட? எந்த பஸ்ஸு? எத்தன மணிக்குத் திரும்புவ?"

"தனியாத்தான். ஒம்போதே கால் பஸ்ஸு. நாலு மணிக்கு."

வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் மூன்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போனதும் நான் பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். சேரன் மேஜைமேல் இருபத்திரண்டு தாளையும் போட்டு அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

பாசஞ்சரில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எழிலரசி சம்பந்தப்பட்ட இரண்டு பழைய விஷயங்கள் மனசில் ஓடின.

ஒன்று, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. விழுப்புரத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய எக்ஸ்பிரஸில் எனக்கு டியூட்டி. குடும்பப் பாஸை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு ஏறியிருந்தாள். சொந்தப் பெண்டாட்டி என்று பார்க்காமல் அபராதம் போட்டு, ரசீது எழுதிக் கையில் கொடுத்தேன். பெட்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பாஸை மறந்த வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதைச் சொன்னால் எனக்கு நெஞ்சு நிமிரும்.

இன்னொன்று ஏழு வருஷத்துக்கு முன்னால். சிதம்பரத்தில் சேரன் வீட்டுக்குப் போனவள் சாயங்காலப் பாசஞ்சரில் வரவேண்டும். இரண்டரை மணி நேரம் கழித்து வந்தாள். வண்டி லேட்டு என்றாள். நான் ஸ்டேஷனுக்கு போன் போட்டு விசாரித்தேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்திருந்தது. அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தை ஏழு வருஷமாக நெஞ்சிலேயே வைத்திருந்தேன்.

சேரன் ஆபீஸ் மாடிப்படியில் ஏறும்போதே வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துவிட்டேன். இடது வார் அறுந்து, பச்சை நூலால் தைத்த செருப்பு. தைத்துக்கொண்டு வந்தவனே நான்தான். நெல்லிக்குப்பம் பஸ் சிதம்பரத்துக்கு எப்போது வந்தது? கதவு ஒருக்களித்திருந்தது. நின்று கேட்டேன். அது கேவலம் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"எனக்கு மட்டும் போடு சேரா. அவருக்கு வேணாம். அவரு டிக்கெட்லயே வரட்டும்" என்றாள் எழிலரசி.

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"அங்க போயி சொல்லிக்கிறேன். இங்கயே சொன்னா போவவே வுட மாட்டாரு."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "எனக்குத் தெரியாம அப்படி இன்னா நடக்குது?"

சேரன் பதறி எழுந்தான். அவள் எழுந்திருக்கவில்லை. அவளது பாஸ்போர்ட் நகல் மேஜைமேல் இருந்தது.

"மாட்டிக்கிட்டேன். உக்காருங்க, சொல்லிடறேன்" என்றாள். "பாஸ் எனக்கு மட்டுந்தான். மத்த நாளெல்லாம் உங்ககூட. நடுவுல நாலு நாளு நான் தனியா சுத்திட்டு வரப் போறேன். காலைல கெளம்பி சாயங்காலம் ஓட்டலுக்கு வந்துடுவேன்."

"யாரு கூட?"

என் வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்தது. எழிலரசி தம்பியைப் பார்த்தாள். "பாத்தியா? நான் சொன்னனா இல்லியா?"

சேரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கு விழுப்புரத்துலேர்ந்து வரப்ப எனக்கு அபராதம் போட்டீங்களே, அது தப்புன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள். குரல் உயரவில்லை. "பாஸ மறந்தது நான். ஆனா ரசீது எழுதறதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு கேட்டீங்க. ஞாபகம் இருக்குதா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"யாரு கூட வந்தேன்னு கேட்டீங்க. அத்தன ஆம்பளைங்க முன்னாடி. ஒரு ஆளு சிரிச்சான்."

டிக்கெட் இல்லாதவர்களிடம் நாங்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. கூட வந்தவரிடம் டிக்கெட் இருக்கலாம் அல்லவா? ஒரு நாளைக்கு இருபது பேரிடம் கேட்டிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும்தான் ஒன்று புரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கைதட்டல் மட்டுமே என் காதில் இருந்திருக்கிறது. அவள் காதில் இருந்தது வேறு.

"அன்னிலேர்ந்து எங்க போனாலும் யாரு கூட, எந்த பஸ்ஸு, எத்தன மணி. நானும் பதில் சொல்லிக்கினேதான் இருக்கேன். ஒரே ஒரு நாளு சொல்லல. ஏழு வருசம் இருக்கும். இங்கேர்ந்து வரப்ப கிள்ளை ஸ்டேஷன்ல வண்டி நின்னுச்சு. எறங்கிட்டேன்."

"எறங்கி?"

"ஷேர் ஆட்டோல பிச்சாவரம் போனேன். தனியா படகு எடுக்க காசு ஜாஸ்தியா இருந்துச்சு. டீச்சருங்க நாலு பேரு வந்தாங்க, அவுங்களோட ஏறிக்கிட்டேன். ஒரு மணி நேரம். அப்புறம் கரையில உக்காந்து சுண்டல் தின்னேன். அடுத்த வண்டிய புடிச்சு வந்துட்டேன். அவ்ளோதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா யாரு கூடன்னு கேட்டிருப்பீங்க."

ஏழு வருஷமாக என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். அத்தனையும் ஒரு கை சுண்டலில் முடிந்துவிட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவமானமாகத்தான் இருந்தது. இந்த ஏழு வருஷத்தில் எத்தனை நாள் அவள் தூங்கும் முகத்தைப் பார்த்து நான் கணக்குப் போட்டிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"தெரியாத ஊரு. பாஷை தெரியாது" என்றேன். "பயமா இல்லியா உனக்கு?"

"பயந்தான். உங்களுக்குப் பதில் சொல்றதவிட கம்மி."

சேரன் எழுந்து, டீ சொல்லிவிட்டு வருவதாக முனகிக்கொண்டு வெளியே போகப் பார்த்தான். அவளே அவனை உட்காரச் சொன்னாள். அவன் பேச்சை மாற்றுவதற்காக என் கையிலிருந்த கவரைக் காட்டி, "அது இன்னா மாமா?" என்றான்.

கொடுத்தேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது. அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். இப்போது எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"இருபத்திரெண்டு டிக்கெட்டு. எதுவும் திரும்பாது மாமா. அக்கா பேர்ல பதினொண்ணு இருக்குது. இத இன்னா பண்றது?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பாஸ் வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழிலரசி எழுந்து என்னோடு வந்துவிடுவாள். பதினொரு ரயிலிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். கேட்டதற்கெல்லாம் பதிலும் சொல்வாள். அப்படி அவளைக் கூட்டிப்போக எனக்கு மனசு வரவில்லை.

"பாஸ போடு மச்சான். அவளுக்கு மட்டும்" என்றேன்.

அவள் பெயர் போட்ட பதினொரு தாளையும் தனியாகப் பிரித்தெடுத்து அவளிடம் நீட்டினேன். "இது உங்கிட்டயே இருக்கட்டும். நடுவுல எந்த ரயில்லயாவது ஏறணும்னு தோணிச்சுன்னா என் பக்கத்து சீட்டு உன்னுது."

"ஏறலன்னா?"

"கேக்க மாட்டேன்."

"சாயங்காலம் ஓட்டலுக்கு வந்த பெறகு?"

"அப்பவும் கேக்க மாட்டேன். நீயா சொன்னா கேட்டுக்கறேன்."

அவள் என்னை நம்பவில்லை. அது முகத்திலேயே எழுதியிருந்தது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வழியும் இல்லை. தாள்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் தேதி, வண்டி, தன் பெயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தாள். பதினொன்றையும் பார்த்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டேயிருந்தேன். பிறகு நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"பாக்கலாம்" என்றாள்.