கை அசைந்தால்

கோடை விடுமுறையில் பயிற்சிக்கு வந்த அந்தக் கல்லூரி மாணவிக்கு அலுவலகத்தில் கொடுத்த வேலை, விழுவது. மூன்றாம் மாடியில் ஜன்னலோரமாக ஒரு மெத்தை போட்டிருந்தார்கள். வயதானவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றை அந்த நிறுவனம் தயாரித்து விற்றது. கட்டியவர் கீழே விழுந்தால் பிள்ளைகளின் போனுக்குத் தகவல் போகும். விழுவது எப்படியிருக்கும் என்று பட்டைக்குப் புரியவைக்க யாராவது விழுந்து காட்ட வேண்டுமே. குப்புற, மல்லாக்க, நாற்காலியிலிருந்து சரிந்து என்று அவள் விதவிதமாக விழுந்தாள். ‘தொபுக்கடீர்’ என்றே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் மட்டும் படபடப்பு. கோடை முடியும்போது பயிற்சிக்கு வந்தவர்களில் ஓரிருவருக்குத்தான் வேலை தருவார்களாம். மெத்தையில் உருண்டவளை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

குழுத் தலைவி வாயைத் திறப்பதே அபூர்வம். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். பட்டை எதற்கெடுத்தாலும் அலறித் தொலைக்கிறது என்பதுதான் அவருடைய தலைவலி. சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தால் அலறும், கை தட்டினால் அலறும். மாணவிக்கு ஒரு யோசனை தோன்றியது. நிஜமாக விழுந்தவர் அசையாமல் கிடப்பார். கை ஆடிக்கொண்டிருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார், தகவல் வேண்டாம். இதை ஒரு விதியாக எழுதிச் சேர்த்ததும் வீண் அலறல் வெகுவாக அடங்கியது. “நல்லா பண்ணியிருக்கே” என்றார் பூட்டு. அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டே வாரத்தில் வெளியில் விற்ற பட்டைகளுக்கெல்லாம் அந்த விதியை அனுப்புவதென்று முடிவானது.

அதற்குமுன் சோதித்துப் பார்க்க, பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவருக்குப் பட்டையைக் கட்டிவிட வேண்டும். அவள் அப்பாவின் வலது கையில் கட்டினாள். விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தன்னைக் கிழவனாக்கிவிட்டாளே என்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். ஆனாலும் மகள் செய்த பொருளாயிற்றே, அதற்கப்புறம் கழற்றவே இல்லை.

ஒருநாள் மாலை அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பா குளியலறையில் விழுந்து கிடக்கிறார், நினைவு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். மகள் கூட்டத்திலிருந்து எழுந்து ஓடினாள். அவ்வளவு நேரமும் போன் கண்ணெதிரேதான் மேசைமேல் இருந்தது. பட்டையிடமிருந்து ஒரு தகவலும் வந்திருக்கவில்லை.

இடது கையில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டுப் படுத்திருந்த அப்பா அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

“எழுந்திருக்க முடியல, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஆனா நான் பயப்படலை. அதான் பட்டை இருக்கே. அதுக்குத் தெரியட்டும்னு பட்டை கட்டின கையை ஆட்டிக்கிட்டே கிடந்தேன். நீ வந்துடுவேன்னு கதவுச் சத்தத்தையே கேட்டுக்கிட்டிருந்தேன் கண்ணு.”

அப்பா ஆட்ட ஆட்ட, ஆள் நன்றாக இருக்கிறார் என்று அவள் எழுதிய விதி தகவலைத் தடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சொல்ல வாயெடுத்தாள், மென்று விழுங்கிவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது, பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பட்டை பழுது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அடுத்த வாரம் அந்த விதி எத்தனையோ வீடுகளுக்குப் போகும். எங்கோ ஒருவர் தரையில் கிடந்து கையை ஆட்டுவார். மறுநாள் காலை பூட்டின் மேசை முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“சரின்னு தலையாட்டினது நான்தானே” என்று சொல்லிவிட்டுப் பூட்டு மேலதிகாரிக்குப் போன் போட்டு, விதியை இப்போது அனுப்ப முடியாது என்றார். மறுமுனையில் கத்தியது அவளுக்கே கேட்டது. அன்று முழுக்க யாரும் அவளைத் தொபுக்கடீர் என்று கூப்பிடவில்லை.

வீட்டில் அப்பாவிடமும் சொன்னாள்.

“அப்போ நான் கையை ஆட்டாம இருந்திருந்தா நீ வந்திருப்பியா?”

ஆமாம் என்று அவள் தலையசைத்தாள். அப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு. எழுந்திருக்க முடியாதவர் கை எப்படி ஆடும் என்று பதிவு செய்யாமல் விதியைத் திருத்த வழியில்லை, அதற்குத்தான் அலுவலகத்தில் திண்டாடுகிறார்கள் என்று அம்மா மூலம் அவர் காதுக்கு எட்டியது. “நான் வரேன்” என்றார்.

கட்டுப் போட்ட கையோடு மூன்றாம் மாடிக்கு வந்து, வலது கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு மெத்தையில் படுத்தார். முதலில் எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்து, டாட்டா காட்டுவதுபோல் கையை ஆட்டினார். நேரம் போகப் போகச் சிரிப்பு மறைந்தது. சுற்றி நின்றவர்களை மறந்தே போனார். கை தளர்ந்து விழுந்தது, மறுபடி எழுந்தது, பாதியில் நின்றது. கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. பயப்படவில்லை என்று அவர் சொன்னது பொய் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் அப்பக்கம் போக முடியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போதும் சார்” என்று பூட்டுதான் குனிந்து அவரைத் தூக்கிவிட்டார்.

அந்தப் பதிவைப் பார்த்தபின், கை ஆடினாலும் ஆடாவிட்டாலும் விழுந்தவர் எழுந்து நின்றது உறுதியானால் ஒழிய தகவல் போயே தீர வேண்டும் என்று விதியை மாற்றி எழுதினார்கள். வீண் அலறல் கொஞ்சம் கூடத்தான் செய்தது. இருக்கட்டும் என்று பூட்டு சொல்லிவிட்டார். கோடை முடிவதற்குள் பட்டைகளுக்கு அனுப்பியும் ஆயிற்று.

வேலை வேறொரு மாணவனுக்குக் கிடைத்தது. அவளிடம், பிறகு சொல்கிறோம் என்றார்கள். அப்பாவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். பழையபடி பேசுகிறார், அவளைக் கேலியும் செய்கிறார். கல்லூரி திறந்துவிட்டது. வகுப்பு நடுவே போனில் அம்மாவின் பெயர் தெரிந்தால் மட்டும், எடுத்துக் காதில் வைக்கும்வரை அவளுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. பெரும்பாலும், வரும்போது என்ன வாங்கிவர வேண்டும் என்று சொல்லத்தான் அம்மா கூப்பிடுகிறாள்.