உப்பு அண்டா

1973ஆம் ஆண்டு மே ஒன்பதாம் தேதி காலை, பாப்பாரப்பட்டிக்குத் தெற்கே நஞ்சப்பனின் தென்னந்தோப்புக் குட்டையில் ஆறாயிரம் கெண்டைக் குஞ்சுகள் செத்து மிதந்தன.

குட்டையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஹயாத் பாஷா. நகக்கண் அளவில் குஞ்சுகளை வாங்கிவந்து, விரல் நீளம் வளர்த்து, ஏரிக் குத்தகைக்காரர்களுக்கு விற்பார். சாணம் கரைத்து விட்டால் தண்ணீரில் பாசி பிடித்துப் பச்சையாகத் திரளும். அந்தப் பச்சைதான் எல்லாம். முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். விரல் தெரியக் கூடாது. இரண்டு வாரமாகப் பச்சை குறைந்து, விரல் தெரிந்தது. இன்னும் இரண்டு கூடை சாணத்தைக் கரைத்து விட்டிருந்தார்.

செத்த குஞ்சுகளைப் பார்த்ததும் அவருக்குப் பாஞ்சாலியின் ஞாபகம் வந்தது. நஞ்சப்பனின் கத்தரித் தோட்டத்தில் கூலிக்காரி. முந்தின நாள் பூச்சிமருந்து அடித்த ஸ்பிரேயரைக் கழுவியவள் அவள்தான். ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டார்.

"எங்க கழுவுன?"

"கெணத்து மேட்டுலங்க பாய். உங்க குட்டையில நா எறங்கவே இல்லீங்க."

"அப்ப மீனெல்லாம் தானா தூக்கு மாட்டிக்கிச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே வழக்கு முடிந்துவிட்டது. "எம் புள்ளைங்க மேல சத்தியமுங்க" என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மத்தியானமே நஞ்சப்பன் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

ஒரு வாரம் கழித்து சவுரியப்பன் வந்தார். தர்மபுரியில் கல்லூரி வாத்தியார். மைக்ராஸ்கோப்பில் பார்க்க மாதம் ஒருமுறை பச்சைத் தண்ணீர் பிடித்துப்போகிறவர். பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். சோறு வடித்த கஞ்சி போல வெளுத்திருந்தது.

"மருந்துத் தண்ணி கலந்துடுச்சுங்க சார்" என்றார் பாஷா.

"மருந்துன்னா இதுவும் செத்திருக்கணுமே பாய்." குட்டையின் மேல் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த நீர்ப்பூச்சிகளைக் காட்டினார் வாத்தியார். பிறகு ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பினார். "இதுல உப்பு எப்படி வந்துச்சு?"

பாஷா கரையில் கிடந்த அண்டாவைப் பார்த்தார்.

குஞ்சுகளுக்குப் புண்ணும் மீன்பேனும் பிடித்தால் அண்டாவில் உப்பு கரைத்து, வலையோடு முக்கி எடுப்பார். அந்தக் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முக்கினார். முக்கி எடுத்த பிறகு அண்டாவைக் குட்டையிலேயே கவிழ்த்துவிடுவார். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்த வருஷம். ஒரு அண்டாத் தண்ணீரைத் தரையில் கொட்ட அந்தப் பக்கத்தில் யாருக்கும் கை வராது. வெயில் தண்ணீரைக் குடித்தது, உப்பை விட்டுவிட்டது.

"கெண்டை இந்த உப்பைத் தாங்குமுங்களே சார்."

"தாங்கும். பாசி தாங்காது. நல்ல தண்ணிப் பாசி வெயில வெச்சுச் சமைச்சுக்குது. அப்பத்தான் தண்ணிக்குள்ள காத்து விடுது. உப்பு ஏறுனா அது உடம்புத் தண்ணியே வெளிய போயிடும், சமையல் நின்னுடும், பச்சையும் வெளுத்துடும். பகல்ல சேராத காத்துக்கு ராத்திரியில மீன் எங்க போகும்? பத்தாததுக்கு, நீங்க போட்ட சாணம் இருந்த காத்தையும் தின்னுடுச்சு."

பாஷா குட்டைக்கரையில் உட்கார்ந்தார். தினமும் விடியற்காலை பஜர் தொழுகைக்கு முன் அந்தத் தண்ணீரில்தான் கை கால் கழுவி வாய் கொப்பளிப்பார். பத்து நாளாகவே கரித்தது. பாஞ்சாலியை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்ட அன்று காலையிலும் கரித்தது. கோடையில் நாக்கு அப்படித்தான் இருக்கும் என்று துப்பியிருந்தார்.

அங்கிருந்து நேரே நஞ்சப்பனிடம் போனார். "தப்பு எம்மேலதாங்க. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய். இப்ப வேற ஆள் வெச்சாச்சு."

பாஞ்சாலியின் குடிசை சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு முனியம்மாள் அவரை உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நின்று பேசினாள்.

"மீனுக்கு வெசம் வெச்சவளுன்னு கடைக்காரங்கூட சொல்றான். எந்தக் காட்டுல கூலி குடுப்பாங்க? திங்கக்கெழமையே புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு பெங்களூரு போயிட்டா, கட்டட வேலைக்கி."

"வந்தா... நான் வந்து கேட்டேன்னு சொல்லும்மா."

"எத வந்து கேட்டீங்கன்னு சொல்றதுங்க?"

அடுத்த சந்தை நாளில், பேருந்து நிற்கும் இடத்தில், அன்றைக்குச் சிரித்தவர்களில் நாலு பேரிடம் பாஷா நடந்ததைச் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆவணியில் மழை பெய்து குட்டை நிரம்பியது. தண்ணீர் மறுபடி பச்சையானது. பாஞ்சாலி ஊருக்குத் திரும்பவில்லை.