சூப்பர்வைசரின் டிபன் பை

ஆம்பூரில் என் வண்டியில் ஏறியபோதே சுந்தரமூர்த்தியை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவனுக்கு என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவன் சூப்பர்வைசராக இருந்த ஷூ கம்பெனியில் நாங்கள் முகத்துக்கு மாஸ்க், தலைக்குத் தொப்பி. அவனுக்கு நாங்கள் எல்லாரும் "ஏய், செகண்ட் லைன்!"தான்.

இப்போது ஜவ்வாது மலைக்கு வண்டி ஓட்டுகிறேன். அருவி, வ்யூ பாயின்ட் என்று சுற்றிக் காட்டுவதும் நானே. அன்றைக்கு அவன் தன் மனைவியோடு, மகனுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா அம்மாவையும் கூட்டி வந்திருந்தான். அந்தப் பெரியவர் வழியெல்லாம் ஒரே பேச்சு.

"என் பொண்ணு எங்க வேணா வாழட்டும் சம்பந்தி. குடிக்கிற வீட்டுக்கு மட்டும் அனுப்ப மாட்டேன்."

"எங்க வீட்ல அந்த வாசனையே கிடையாதுங்க" என்றான் இவன். அடப்பாவி! கம்பெனியில் கிட்டே வந்தாலே நாறுமே.

கம்பெனியில் ஒன்றுக்குப் போகக்கூட டோக்கன் வாங்கணுமா என்று ஒருநாள் அவனிடம் கேட்டேன். அவ்வளவுதான் என் குற்றம். அடுத்த வாரம் கேட் செக்கிங்கில் என் டிபன் பையிலிருந்து ஒரு தோல் துண்டு வந்தது. ஷிப்ட் முடிந்து போகிற அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள்.

"நான் வெக்கல சார், யாரோ வெச்சிருக்காங்க" என்று அழுதேன்.

"மாட்டிக்கிறவங்க எல்லாரும் இதத்தான் சொல்வாங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே யார் வைத்தது என்று புரிந்துவிட்டது. அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்கவில்லை. எங்கள் தெருவில் எனக்குத் 'தோல் திருடி' என்று பேர். வயிறு எரிந்து எரிந்துதான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.

முதல் வ்யூ பாயின்டில் வண்டியை நிறுத்தினேன். கீழே பாறைகளை அறுத்துக்கொண்டு ஆறு ஓடியது. எல்லாரும் கம்பி ஓரம் போட்டோ எடுக்கப் போனார்கள். அவன் மட்டும் திரும்பி வந்து, துண்டில் சுற்றிய பாட்டிலை என்னிடம் நீட்டினான்.

"செக்போஸ்ட்ல டிரைவர் சீட்டுக்கு அடியில பாக்க மாட்டாங்க இல்ல? வெச்சிரும்மா. அருவில வாங்கிக்கிறேன்."

"மாட்டினா என் பொழப்பு போய்டும் சார்."

"பேஜார் பண்ணாத. வெய்யி" என்று சொல்லிவிட்டு சம்பந்தியோடு சிரிக்கப் போனான்.

பின் சீட்டில் அவன் டிபன் பை இருந்தது. பாட்டிலை இட்லி டப்பாவுக்குப் பக்கத்தில், அவன் துண்டோடேயே வைத்தேன். அவன் பொருள், அவன் பை. ஆனாலும் அந்தப் பெரியவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

செக்போஸ்டில் பிளாஸ்டிக், மது இரண்டுக்கும் சோதனை உண்டு. எல்லாரையும் இறங்கச் சொன்னார் ஃபாரஸ்ட் கார்டு. என் சீட்டுப் பக்கம் அவர் குனியும்போதே சுந்தரமூர்த்தி முந்திக்கொண்டான்.

"அங்க எது இருந்தாலும் எங்களுக்குத் தெரியாது சார். வண்டிக்காரம்மாவோடதா இருக்கும். இதுங்கள நம்ப முடியாது."

என் மனசில் மிச்சமிருந்த உறுத்தலும் அதோடு போனது. சீட்டுக்கு அடியில் என் செருப்புதான் இருந்தது. கார்டு டிபன் பையைத் திறந்தார். துண்டு வந்தது, பாட்டில் வந்தது. சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், இது நான் வெக்கல! யாரோ வெச்சிருக்காங்க!"

"மாட்டிக்கிறவங்க எல்லாரும் இதத்தான் சொல்வாங்க" என்றேன்.

சட்டென்று என்னை ஏறிட்டுப் பார்த்தான். முகம் வெளிறியது. "நீ..."

"செகண்ட் லைன், சார். பேரு மெர்சி."

"துண்டு உங்களுதுதான?" என்றாள் அவன் மனைவி. அவள் குரலில் ஆச்சரியமே இல்லை.

விசாரித்து எழுதி முடிக்கிறவரை அவனை அங்கேயே நிற்கச் சொன்னார் கார்டு. பெரியவர் தன் மனைவியைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். பிறகு, "ஆளு தெரிஞ்சிடுச்சு. அருவியையாவது பாத்துட்டுப் போலாம், வண்டிய எடும்மா" என்றார். அவன் மனைவியும் ஏறிக்கொண்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் வந்த வேன்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைத்து, டிபன் பையோடு நின்றவனைப் பார்த்துவிட்டுப் போயின. கேட்டில் நிறுத்திய ஆளை எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எனக்குத் தெரியாதா?

"இடது பக்கம் பாருங்கம்மா, அருவி தெரியும்" என்றேன். குரல் கணீரென்று வந்தது.