அம்மை வீட்டில் அழக்கூடாது

சித்தார்த்தனின் வாயோரத்தில் காய்ந்திருந்த பாலை மலர்கொடி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற பெண்கள் அழாதே என்றார்கள். அம்மை கண்ட வீட்டில் அழுதால் ஆத்தாளுக்குக் கோபம் வருமாம். கொடுத்துவைத்த பிள்ளை, அவளே மடியில் எடுத்துக்கொண்டாள் என்றாள் ஒருத்தி. மகன் மூச்சுக்குத் தவித்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவிடாமல் மறித்தவர்கள்தான் எல்லாரும். அவள் புருஷன் ராஜவேலும் அதில் உண்டு.

பிள்ளைக்கு ஏழு மாதம். ஒன்பது மாதமானால்தான் தட்டம்மை ஊசி போடலாம், அதுவரை சுற்றியிருக்கும் பிள்ளைகள் போட்டுக்கொண்டால் இவனுக்கும் வராது என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். தெருவில் ஒருவரும் போடவில்லை. சுனாமிக்கு மறுவருஷம், உப்பு வாரும் காலம். ஊசி போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், தாய்க்காரி வேலைக்கு வரமாட்டாள் என்று உப்பளத்து முதலாளி பக்தவச்சலம் நர்சம்மாவைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினார். பிறகு அவர் மகனுக்கே தட்டம்மை கண்டது. தடிப்பு மங்கும் முன்பே தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் அவன் கையாலேயே கூழ் கொடுக்கவைத்தார். வேலைக்காரர்கள் போகாமல் இருக்க முடியாது. மலர்கொடியும் இடுப்பில் பிள்ளையோடு போனாள்.

இப்போது அவரே வாசலில் வெற்றிலை மென்றபடி நின்றார்.

பக்கத்து வீட்டு சுலோசனா கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். ஆத்தாள் எடுத்துக்கொண்ட பிள்ளையின் மஞ்சள் காவல் என்பார்கள். சித்தார்த்தனின் கன்னத்து மஞ்சளை வழித்து, அந்த விரலைத் தன் குழந்தையின் உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"தொடாதடி. புள்ளய தூக்கினு வெளிய போ."

கையைத் தட்டிவிட்ட வேகத்தில் மலர்கொடியின் கொண்டை சரிந்தது. உடம்பு நடுங்கியது.

"ஆத்தா வந்துட்டா" என்றது ஒரு குரல்.

யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். சுலோசனா குழந்தையோடு காலில் விழுந்தாள். பக்தவச்சலம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னா கொறைன்னு சொல்லு தாயே. செஞ்சிடறோம்."

நான் மலர்கொடி, செத்தது என் பிள்ளை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. மலர்கொடியாக ஊசியைப் பற்றி அவள் சொன்னபோது, நீ டாக்டருக்குப் படிச்சியா என்று சிரித்த முகங்கள் இவை. கற்பூர வெளிச்சத்தில் எண்ணெய் வழிந்த அவற்றைப் பார்க்கவே அருவருத்தது. சுலோசனாவின் குழந்தை மலர்கொடியின் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

மலர்கொடி சரிந்த கூந்தலை முழுவதும் விரித்துவிட்டாள்.

"நர்சம்மாவ கூப்புடுங்கடா. ஒரு புள்ள பாக்கியில்லாம ஊசி போடணும். இல்லன்னா நான் மலையேற மாட்டேன்."

"உத்தரவு தாயே" என்று பக்தவச்சலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவள் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தியாகக் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் தரையில் ஓடிப் பிள்ளை கிடந்த பாயின் ஓரத்தைத் தொட்டது. யாரோ பாயைக் காலால் சற்றுத் தள்ளிவிட்டார்கள்.